யூரின் பை நிறம் மாறினால்: எதை முதலில் பார்ப்பது, எப்போது ஆஸ்பத்திரிக்குப் போவது

காலை ஐந்தரை மணிக்கு ஒரு போன். "சிஸ்டர், அத்தையோட யூரின் பை முழுக்க கத்தரிப்பூ கலர்ல இருக்கு. டியூப் கூட நீலமா தெரியுது. நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு. ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?"

"அத்தை என்ன பண்றாங்க?" என்று கேட்டேன்.

"காபி கேக்கறாங்க."

அந்தப் பதிலிலேயே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. வீடு வீடாகப் போய் படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் வேலையில் இப்படிப் பல போன்கள் வரும். பக்கவாதம், முதுகுத்தண்டில் அடி, புராஸ்டேட் வீக்கம் என்று ஏதோ ஒரு காரணத்தால் மாதக்கணக்கில் சிறுநீர் டியூப் போட்டிருப்பவர்கள் வீட்டில், பையின் நிறம் மாறிய அன்று எல்லாரும் பையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். படுத்திருப்பவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் இந்த வழிமுறை பையில் தொடங்கவில்லை, ஆளிடம் தொடங்குகிறது.

முதலில் ஆளைப் பாருங்கள்

நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு தெர்மாமீட்டரும் வையுங்கள். குளிர் நடுக்கம் இருக்கிறதா? அடிவயிற்றிலோ விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கமோ வலி உண்டா? வாந்தி? மூச்சு வேகமாக வாங்குகிறதா? நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் இன்று உங்களை யார் என்று கேட்கிறாரா, எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருக்கிறாரா? வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று ரத்தத்தில் பரவலாம். புதிதாக வந்த குழப்பமும் அசதியும் மட்டுமே அதன் அடையாளமாக இருக்கும்.

இதில் ஒன்று இருந்தாலும் பை எந்த நிறத்தில் இருந்தால் என்ன, உடனே ஆஸ்பத்திரிதான். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

கழுத்திலோ மேல் முதுகிலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்த்துக் கொட்டுவது, ரத்த அழுத்தம் எகிறுவது: இவை டியூப் அடைத்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். இது உயிருக்கே ஆபத்து. நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், டியூப் மடங்கியிருந்தால் நேராக்குங்கள், அதே நேரத்தில் ஒருவர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டும்.

இது எதுவும் இல்லை, ஆள் வழக்கம்போலத்தான் இருக்கிறார் என்றால், சரி, நிதானமாகப் பையைப் பார்க்கலாம்.

நிறம் எங்கே இருக்கிறது?

பையில் தேங்கியிருப்பது பல மணி நேரத்துக்கு முன் வந்த சிறுநீர். இப்போது வருவது உடம்பை ஒட்டிய டியூப் பகுதியில்தான் தெரியும். முதலில் அங்கே பாருங்கள்.

அப்புறம் கையைக் கழுவி, கையுறை போட்டு, பையின் அடியில் உள்ள திறப்பு வழியாக முழுவதையும் காலி செய்யுங்கள். அரை மணி நேரம் கழித்து, புதிதாகச் சேர்ந்ததை வேறு எதற்கும் பயன்படுத்தாத ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் முன்னால் வைத்துப் பாருங்கள். டியூபும் பையும் சேரும் இணைப்பை இதற்காகக் கழற்ற வேண்டாம். அந்த இணைப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கிருமிக்கு ஒரு வழி கிடைக்கிறது.

டம்ளரில் மஞ்சள், பையில் மட்டும் ஊதா என்றால் பிளாஸ்டிக்கில் சாயம் ஏறியிருக்கிறது. டம்ளரிலேயே நிறம் தெரிந்தால் அது சிறுநீரோடு வருகிறது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்துவிட்டால் மேற்கொண்டு எங்கே பார்ப்பது என்பதும் தெரிந்துவிடும்.

ஊதா, நீலம், நாவற்பழக் கறை போல

பார்க்கப் பயங்கரமாக இருப்பது இதுதான். தனியாக இது மட்டும் வந்தால் பெரும்பாலும் ஆபத்து குறைந்ததும் இதுதான். மருத்துவத்தில் ஊதா யூரின் பை நோய்க்குறி (பர்ப்பிள் யூரின் பேக் சின்ட்ரோம்) என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 1978-லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் இதைப் பார்த்திராத மருத்துவர்களும் செவிலியர்களும் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் ஊர் டாக்டர் திகைத்துப்போனால் அவரைக் குறை சொல்ல வேண்டாம், இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

நிறம் எப்படி வருகிறது? பால், முட்டை, பருப்பு, இறைச்சி எல்லாவற்றிலும் இருக்கும் புரதத்தில் டிரிப்டோஃபான் என்று ஒரு பொருள் உண்டு. குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்து இன்டோல் ஆக்குகின்றன. அது கல்லீரலுக்குப் போய், சல்பேட்டோடு சேர்ந்து, சிறுநீரில் கழிகிறது. அதுவரை நிறம் கிடையாது. நம் எல்லாருடைய சிறுநீரிலும் அது கொஞ்சம் இருக்கிறது. ஆனால் டியூபிலும் பையிலும் குடியிருக்கும் சில கிருமிகளிடம் அந்தச் சல்பேட்டை வெட்டியெடுக்கும் நொதி இருக்கிறது. புராவிடென்சியா, கிளெப்சியெல்லா, புரோட்டியஸ், ஈ.கோலை போன்றவை அந்த வகை. வெட்டியதும் மிஞ்சுவது காற்றுப் பட்டு இரண்டு சாயமாக மாறுகிறது: நீல நிற இண்டிகோ, சிவப்பு நிற இண்டிருபின். இரண்டும் கலந்து பிளாஸ்டிக்கில் ஊறும்போது ஊதா.

இண்டிகோ என்றால் வேறொன்றும் இல்லை, அவுரி நீலம். திண்டிவனம் பக்கம் அவுரிச் செடியைத் தொட்டியில் ஊறவைத்து, அந்த நீரை அடித்து அடித்துக் காற்றுப் படவைத்துச் சாயம் எடுக்கிறார்களே, அதே நீலம்தான் இந்தப் பையிலும் உருவாகிறது. பயந்து நிற்கும் வீட்டாரிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். விஷம் ஏறிவிட்டது, கிட்னி அழுகிவிட்டது என்றெல்லாம் யாரோ சொல்லியிருப்பார்கள். அப்படி எதுவும் இல்லை.

யாருக்கு வருகிறது என்று பார்த்தால், வயதான பெண்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், நீண்ட நாள் டியூப் உள்ளவர்கள், சிறுநீரகம் மந்தமானவர்கள். இவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பொதுவாக இருப்பது மலச்சிக்கல். மலம் குடலில் தங்கத் தங்க, பாக்டீரியாவுக்கு நேரம் கூடுகிறது, இன்டோலும் கூடுகிறது. அதனால்தான் ஊதாப் பை என்று யார் சொன்னாலும் என் அடுத்த கேள்வி, "கடைசியா எப்ப மோஷன் போனாங்க?" அந்த அத்தை மோஷன் போய் ஆறு நாள் ஆகியிருந்தது.

செய்ய வேண்டியது: பையை மாற்றுங்கள். டியூபும் நாள்பட்டதாக இருந்தால் அதையும் மாற்றச் சொல்லி டாக்டரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். மலச்சிக்கலுக்கு டாக்டர் சொன்ன மருந்தைத் தொடங்குங்கள். கீரை, வாழைத்தண்டு, கொய்யா என்று நார் உள்ள உணவு, படுக்கையில் புரட்டிப் படுக்கவைப்பது, முடிந்தவரை உட்காரவைப்பது, எல்லாம் உதவும். தண்ணீர் கூடுதலாகக் கொடுக்கலாம், இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

செய்யக் கூடாததையும் அழுத்திச் சொல்ல வேண்டும், இங்கேதான் நிறைய வீடுகளில் தவறு நடக்கிறது. மருந்துக் கடையில் போய் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். டியூப் போட்ட பிறகு ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் கிருமி சேர்கிறது. ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய எல்லாருக்கும் சேர்ந்துவிடும். அது குடியிருப்பு, நோய் அல்ல. காய்ச்சலோ வலியோ இல்லாதவருக்கு அந்தக் கிருமியைக் கொல்ல மருந்து கொடுத்தால், சில நாளில் வேறு கிருமி வந்து உட்காரும், அதுவும் மருந்துக்கு அடங்காத கிருமியாக. பிறகு நிஜமாகவே தொற்று வரும் நாளில் கொடுக்க மருந்து இருக்காது. இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இன்னொன்று, நீர்க்கடுப்புக்கு என்று கடையில் எளிதாகக் கிடைக்கும் சிட்ரேட் சிரப். அது சிறுநீரைக் காரமாக்கும், அதாவது அதன் அமிலத்தன்மையைக் குறைக்கும். ஊதாப் பை வரும் பலருக்கு ஏற்கெனவே சிறுநீர் காரமாகத்தான் இருக்கிறது. காரம் கூடினால் டியூபில் உப்புப் படிந்து அடைப்பதும் கூடும். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் அதைக் கொடுக்க வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் விஷயத்தில் மட்டும் ஊதாவை லேசாக விட்டுவிடாதீர்கள். உடை மாற்றும்போது பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி உள்ள தோலைப் பாருங்கள். வீக்கம், தாங்க முடியாத வலி, கறுத்த திட்டு, அழுகல் நாற்றம் இருந்தால் மணிக்கணக்கில்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஊதா திரும்பவும் வரலாம். வந்தால் இதே வரிசைதான்.

சிவப்பு

சிவப்பில் மூன்று படி உண்டு, ஒவ்வொன்றுக்கும் அவசரம் வேறு.

ரோஸ் மில்க் மாதிரி வெளிறிய சிவப்பு என்றால், கடந்த சில மணி நேரத்தில் டியூப் எங்காவது இழுபட்டதா என்று யோசியுங்கள். டயப்பர் மாற்றும்போது, புரட்டும்போது, பை கட்டிலில் மாட்டியிருப்பதை மறந்து நாற்காலிக்கு மாற்றும்போது. உள்ளே சிறுநீர்ப்பையில் டியூபைப் பிடித்து நிறுத்துவது தண்ணீர் நிரப்பிய ஒரு சின்ன பலூன், சாதாரணமாக 10 மில்லி. லேசாக இழுத்தாலே அது உரசி ரத்தம் கசியும். புதிதாக டியூப் மாற்றிய அன்றும் இப்படி வரலாம். தொடையில் டியூபைத் தளர்வாக ஒட்டி வையுங்கள், தண்ணீர் கொடுக்கலாம் என்றால் கொடுங்கள், இரண்டு மூன்று மணி நேரத்தில் வெளிறுகிறதா என்று கவனியுங்கள். வெளிறினாலும் டாக்டர் காதில் போட்டுவையுங்கள்.

இறைச்சி கழுவிய தண்ணீர் போல இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பக்கவாதம் வந்தவருக்கு அந்த மாத்திரைதான் அடுத்த வாதத்தைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

கெட்டிச் சிவப்பு, கட்டி கட்டியாக ரத்தம், அதோடு சிறுநீர் வருவது குறைகிறது என்றால் நேராக அவசரப் பிரிவு. ரத்தக்கட்டி டியூபை அடைத்தால் சிறுநீர்ப்பை ஊதிக்கொண்டே போகும். மறதி நோய் உள்ளவர்கள் பலூனோடு டியூபை உருவிவிடுவதும் உண்டு. உருவிய டியூபைத் திரும்ப நுழைக்க முயல வேண்டாம். அடிவயிற்றில் துளை போட்டு வைத்த டியூப் வெளியே வந்துவிட்டால் இன்னும் வேகமாகப் போங்கள், அந்தத் துளை சீக்கிரமே சுருங்கிவிடும்.

வலியே இல்லாமல், இழுபடவும் இல்லாமல், அடிக்கடி ரத்தம் வருகிறது என்றால் "டியூப் இருக்கு, அதான்" என்று விட்டுவிடாதீர்கள். கல், கட்டி எதுவாகவும் இருக்கலாம். பல வருடம் டியூப் இருப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் வாய்ப்பு சற்றுக் கூடுதல். உள்ளே கேமரா விட்டுப் பார்க்க வேண்டுமா என்று சிறுநீர்ப்பாதை (யூராலஜி) டாக்டரிடம் கேளுங்கள்.

சிவப்பாகத் தெரிவதெல்லாம் ரத்தமும் இல்லை. பீட்ரூட் பொரியல் சாப்பிட்டாரா? மலச்சிக்கலுக்கு நிலவாகை கொடுத்தீர்களா? திருநெல்வேலிச் சீமையின் பெயரிலேயே உலகமெங்கும் போகும் அந்த இலை, காரமான சிறுநீரில் சிவப்பு காட்டும், அமிலமான சிறுநீரில் பழுப்பு காட்டும். ஊதாவுக்கு மலச்சிக்கல் மருந்து தொடங்கிய வீட்டிலிருந்து, அடுத்த நாளே "இப்ப சிவப்பா வருது சிஸ்டர்" என்று போன் வந்ததுண்டு. சந்தேகம் இருந்தால் லேபில் சாதாரண யூரின் டெஸ்ட் போதும், ரத்த அணு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஆரஞ்சு, கடுங்காப்பி

டிபி மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சாக்கும், வியர்வையையும் கண்ணீரையும்கூட. அது எதிர்பார்க்க வேண்டியதுதான், மாத்திரையை நிறுத்தக் கூடாது. நீர் எரிச்சலுக்குக் கொடுக்கும் ஃபெனசோபிரிடினும் அப்படியே. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை பளிச்சென்ற மஞ்சள். மெட்ரோனிடசோல், நைட்ரோஃபுரான்டாயின் பழுப்பாக்கும். பார்க்கின்சனுக்கு லெவோடோபா சாப்பிடுபவர் சிறுநீர் பையில் நேரம் ஆக ஆகக் கறுக்கும்.

எந்தப் புது மருந்தும் இல்லாமல் கடும் மஞ்சளாக, அளவும் குறைவாக வந்தால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. சித்திரை, வைகாசியில் இது சாதாரணம். பால் விடாத காப்பி நிறத்தில் வந்தால் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள், மஞ்சளாக இருந்தால் காமாலை. கீழே விழுந்து எழ முடியாமல் மணிக்கணக்கில் கிடந்தவருக்கோ, நீண்ட நேரம் வலிப்பு வந்தவருக்கோ இந்த நிறம் வந்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம், அன்றே ரத்தப் பரிசோதனை வேண்டும்.

பச்சை

அபூர்வம். சமீபத்தில் ஆபரேஷனோ ஐசியுவோ இருந்ததா? மயக்கத்துக்குக் கொடுக்கும் புரோபோஃபால், பரிசோதனைக்கோ சிகிச்சைக்கோ ஏற்றும் மெத்திலீன் புளூ, தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், இவை பச்சையோ நீலமோ காட்டும், மருந்து நின்றால் தானாகப் போகும். மருந்துக் காரணம் எதுவும் இல்லை, காய்ச்சலும் இருக்கிறது என்றால் சூடோமோனாஸ் தொற்றாக இருக்கலாம், டாக்டர் பார்க்க வேண்டும்.

கலங்கல், வெள்ளை, மணல்

அரிசி களைந்த நீர் மாதிரி கலங்கலும், நாற்றமும் நாள்பட்ட டியூப் உள்ளவர்களுக்கு வருவது வழக்கம். அவை மட்டும் இருந்தால் தொற்று என்று முடிவு கட்டக் கூடாது.

நான் பெரிதாக எடுத்துக்கொள்வது மணலை. டியூபை வெளியிலிருந்தே விரல்களுக்கு இடையில் உருட்டினால் உள்ளே நறநறவென்று இருக்கிறதா? கழற்றிய பழைய டியூபின் நுனியில் சுண்ணாம்பு மாதிரி படிந்திருக்கிறதா? புரோட்டியஸ் கிருமி சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்துக் காரமாக்க, உப்புகள் படிகமாகிப் படிகின்றன. இப்படிப் படியும் ஆளுக்கு டியூப் அடிக்கடி அடைக்கும். ரப்பர் டியூபை வழக்கமாக இரண்டு முதல் நான்கு வாரத்திலும், முழு சிலிகான் டியூபை அதிகபட்சம் பன்னிரண்டு வாரத்திலும் மாற்றுவார்கள். ஆனால் உங்கள் வீட்டில் மூன்றாவது வாரமே அடைக்கிறது என்றால், அவருக்குக் கெடு மூன்று வாரத்துக்கும் குறைவு. போட்ட தேதியையும் அடைத்த தேதியையும் நாட்காட்டியில் குறித்து, நான்கைந்து நாள் முன்கூட்டியே மாற்றச் சொல்லுங்கள். சிலிகானுக்கு மாறலாமா என்றும் கேளுங்கள். யாரும் கற்றுத்தராமல் வீட்டிலேயே சிரிஞ்சால் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டாம்.

பால் போலவே வெள்ளையாக வந்தால், யானைக்கால் கிருமியால் நிணநீர் கலந்து வரலாம். சாப்பாட்டுக்குப் பின் கூடுகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள்.

பை காலியாகவே இருந்தால்

நிறத்தைவிட நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். படுத்திருப்பவர் டியூப் மேலேயே படுத்திருக்கிறாரா, எங்காவது மடங்கியிருக்கிறதா, பை இடுப்பைவிட உயரத்தில் மாட்டியிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். டயப்பர் ஈரமாக இருந்தால் டியூப் அடைத்து, பக்கவாட்டில் கசிகிறது. இறுகிய மலம் அழுத்தினாலும் இப்படி ஆகும். தொப்புளுக்குக் கீழே கையால் தொட்டுப் பாருங்கள். அங்கே கெட்டியாக உப்பி, தொட்டால் முகம் சுளித்தால், சிறுநீர் உள்ளே தேங்கி நிற்கிறது, உடனே டியூப் மாற்ற வேண்டும். வயிறு தளர்ந்தே இருந்தால் சிறுநீர் உருவாவதே குறைந்திருக்கிறது. மடக்கு எல்லாம் நீக்கியும் நான்கு மணி நேரம் ஒன்றும் வராவிட்டால் காத்திருக்காதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது

பகல் வெளிச்சத்தில் பையையும் டம்ளரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், போய்ச் சேர்வதற்குள் யாராவது பையை மாற்றிவிடுவார்கள். டியூப் போட்ட தேதி, அதன் அளவு நம்பர், ரப்பரா சிலிகானா, கடைசியாக மலம் கழித்தது எப்போது, சாப்பிடும் எல்லா மருந்தும், நாட்டு மருந்து உட்பட, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

தொற்று அறிகுறி இருந்து கல்ச்சர் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கச் சொன்னால், பையிலிருந்து பிடித்துக் கொடுக்காதீர்கள். அதில் பையில் வளர்ந்த கிருமியெல்லாம் வரும். நாள்பட்ட டியூபாக இருந்தால், அதை மாற்றிவிட்டுப் புது டியூப் வழியாக வரும் சிறுநீரைத்தான் எடுக்க வேண்டும். லேபில் இதைக் கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: "டாக்டர், இவருக்கு இந்த டியூப் இன்னும் வேணுமா?" ஆஸ்பத்திரியில் ஏதோ ஓர் அவசரத்துக்குப் போட்டதை, எடுக்கச் சொல்ல யாரும் இல்லாததால் வருடக்கணக்கில் சுமப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எடுத்துப் பார்க்க முடியாதா, நாளுக்கு நான்கைந்து முறை சின்ன டியூப் விட்டு எடுத்துவிடும் முறை ஒத்துவருமா, ஆண்கள் என்றால் வெளியே மாட்டும் உறை போதுமா என்று கேளுங்கள். அந்த அத்தைக்கு எலும்பு முறிவு சமயத்தில் போட்ட டியூப் அது. மருமகள் கேட்ட பிறகுதான் எடுத்துப் பார்த்தார்கள். முதல் முறை சிறுநீர் போகவில்லை, திரும்பவும் போட்டார்கள். மலச்சிக்கல் சரியாகி மூன்று வாரம் கழித்து இரண்டாவது முறை எடுத்தபோது, அன்று மதியமே அவராகவே போனார்.